பூவுக்கு ரெண்டு நண்டு

வேதாளையில் சுவர்கள் தாமாகவே பூக்கும்.
வெள்ளையடித்த மூன்றாம் மாதம்
முழங்கால் உயரத்தில் தொடங்கும்.
முதலில் ஈரம், அப்புறம் கொப்புளம்,
அப்புறம் விரல் வைத்தால் மாவாய் உதிரும் வெள்ளை.
"உப்பு பூத்திருச்சும்மா" என்றார் இபுறாம்சா,
கொல்லையில் முருங்கை பூத்ததைச் சொல்வதுபோல.
பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்லவில்லை.
ஆணி மட்டும் அடிக்கக்கூடாது என்றார்.

ஐஸ் கம்பெனியில் கட்டிகளைக் கணக்கெழுதி
அமோனியா நெடியோடு திரும்பும் எனக்கு
இரவு எட்டிலிருந்து பத்துவரை களிமண்.
இதழ் வெட்ட மட்டிச் சிப்பி.
நரம்புக்குக் கிழிந்த வலைத்துண்டை
அழுத்தி எடுத்தால் போதும்.
மகரந்தத் தாளுக்கு இடியாப்ப உரல்
(கழுவித்தான் வைத்தேன், ஆனாலும்
ஒரு மாதம் இடியாப்பம் இறங்கவில்லை).
அடம்பு, பூவரசு, எருக்கு.
கண்ணில் படுவதைத்தானே கை செய்யும்.

சுடாத பூவைப்போல மோசமான பயணி கிடையாது.
முறுக்கு டின்னில் பஞ்சு வைத்து, மடியில் ஏந்தி,
உச்சிப்புளி கேட்டில் பஸ் குலுங்கும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கேணிக்கரை வரை போகவேண்டும்.
ஜெசிந்தா வீட்டு மொட்டைமாடியில் கரண்ட் சூளை.
ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு ஏறும் வழியில் கரண்ட் போனால்
"பூவு பாதியில நெனப்ப மாத்திக்கிருச்சு" என்பாள்.
எருக்கின் ஊதா கேட்டேன்.
சூளை நீலம் கொடுத்தது.
வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று பூக்கள்.
டைல்ஸ் பசையில் ஒட்டினேன்.
ஆணிக்கென்று நடுவில் விட்ட துளைகள்
ஆணியைப் பார்க்காமலே சுவர் ஏறின.

கச்சான் தொடங்கிய வாரம், இரவு ரெண்டு மணிக்கு
ணங்.
மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை,
விழித்துக் கிடந்ததுதான் மிச்சம்.
ஒவ்வொன்றும் தன் முதுகில்
கொஞ்சம் சுவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.
உதிர்ந்த இடத்தில்
அதே அளவில், அதே வட்டத்தில் உப்பு,
ஐந்து இதழ்கூடத் தெரிந்தது.
யாரிடமும் காட்டவில்லை நான்.

வாசலில் குவித்து வைத்ததை
பக்கத்து வீட்டுக் களஞ்சியம் குனிந்து எடுத்து
உள்ளங்கையில் தூக்கி எடை பார்த்தார்.
அழகைப் பார்க்கவில்லை.
"ஈயம் விக்கிற வெலையில... நடுவுல ஓட்ட இருக்குல்ல, போதும்."
நண்டு வலையின் அடிக்கயிற்றில்
பதினொன்றைக் கோத்துக் கட்டினார்.
பூவுக்கு ரெண்டு நண்டு என்று பேச்சு.
நான் கணக்கெழுதுகிறவள், மறக்கமாட்டேன்:
இதுவரை பதினேழு வந்திருக்கிறது.

ராத்திரி விளக்கணைத்தபின் நினைத்துக்கொள்வேன்.
மூன்று பாகத் தண்ணீரில், சேற்றில்,
குப்புறக் கிடக்கும் என் பூவரசு.
அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்துபோகும் ஒரு நண்டு.
அதற்குப் பூவாய்த் தெரியுமா, கல்லாய்த் தெரியுமா,
தெரியாது. குழம்பில் கிடப்பதிடம்
கேட்கவா முடியும்.

நேற்று வலை பிய்ந்து ஒன்று திரும்பி வந்தது.
எருக்கு. நீலம் அப்படியே,
சூளையிலிருந்து அன்றைக்கு எடுத்ததுபோல.
இதழ் இடுக்கில் ஒரு கொட்டலசு
சுண்ணாம்பில் வீடு கட்டியிருந்தது.
பசையில்லை, முன்பணமில்லை,
யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கத்தி முனையால் சுரண்டப் போனேன்,
அது அசையவில்லை.
நான்தான் கத்தியைக் கீழே வைத்தேன்.

இபுறாம்சா வாடகைக்கு வருவது ஐந்தாம் தேதி.
இன்றைக்கு மூன்று.
உப்பைத் தட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து,
களஞ்சியம் வீட்டில் சுத்தியல் கேட்டேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
மீதி ஐந்து நண்டைப் பற்றியும் பேசவில்லை.

ஒரே ஓர் ஆணி.
துளை அதற்குத்தானே விட்டது.